டர்ட் பைக்கைப் பனிக்கு மாற்றலாமா? ட்ராக் கிட், ஆணி டயர், செயின்: டெல்லி ரைடர்களுக்கு ஒரு விமர்சனம்

ஜனவரியில் டெல்லியில் இரண்டு நாள் தூறல் விழுந்தால் மலையில் பனி கொட்டுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டையும் கொண்டுவருவது, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் 'மேற்கத்தியக் கலக்கம்' என்ற ஒரே வானிலை அமைப்புதான். அந்த வாரமே கரோல் பாக் நாயிவாலா தெருவில், பனியில் ஓட்ட பைக்கில் என்ன மாற்ற வேண்டும் என்ற விசாரணை ஆரம்பித்துவிடும். கடையில் கையில் இருப்பதைக் காட்டுவார்கள்: டயரின்மேல் சுற்றும் பனிச் செயின் காட்டுவார்கள், கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும் பட்டன் டயர் காட்டுவார்கள். யூட்யூபில் பார்த்துவிட்டு வந்தவர், முன்னால் சறுக்குப் பலகையும் பின்னால் ரப்பர் ட்ராக்கும் போட்ட பைக்கின் படத்தை நீட்டுவார். மூன்றும் பனிக்கு என்றுதான் விற்கப்படுகின்றன. ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு வேறு. இதை முடிவு செய்யாமல் பணத்தைப் போட்டால் வீண்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முழு ட்ராக் கிட் அருமையான பொருள், ஆனால் அது 450 சிசி மோட்டோகிராஸ் (மண் பந்தய) பைக்குக்கும் ரோட்டைவிட்டு விலகிய ஆழமான புதுப்பனிக்கும் செய்யப்பட்டது. ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி வண்டியில் இமாச்சலின் நார்கண்டா, சிஸ்ஸு, ஸ்பிதி என்று ரோட்டோடு போகிறவர்களுக்கு ஆணி போட்ட பட்டன் டயர்தான் சரி. செயின், இடையில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கு.

காரணம் பனியிலேயே இருக்கிறது. நேற்று விழுந்த புதுப்பனியில் பாதிக்கு மேல் காற்று. சக்கரம் அதில் மூழ்கிக்கொண்டே போகும். எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் பிடிக்க அடியில் ஒன்றும் இல்லை. அங்கே வேண்டியது பரப்பளவு, அதை ட்ராக் மட்டுமே கொடுக்கும். ஜீப்பும் பஸ்ஸும் ஓடி ஓடி இறுக்கிய ரோட்டுப் பனியில் பட்டன் டயர் ஓரளவு பிடிக்கும், ஆணி இருந்தால் நன்றாகவே பிடிக்கும். மூன்றாவது வகைதான் ஆளைச் சாய்ப்பது. மலையிலிருந்து வழிந்து ரோட்டைக் கடக்கும் தண்ணீர் இரவில் உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும். அதில் இரும்பைத் தவிர எதுவும் நிற்காது. பல லட்ச ரூபாய் ட்ராக்கும் அங்கே வெறும் ரப்பர்தான்.

முழு ட்ராக் கிட்

இந்தத் துறையில் அதிகம் அடிபட்ட பெயர் டிம்பர்ஸ்லெட். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்த நிறுவனம், 2015இல் போலாரிஸ் வாங்கியது. கனடாவின் காம்சோ டிடிஎஸ் 129 இன்னொன்று. காம்சோவை 2018இல் மிஷலின் வாங்கிக்கொண்டது. கார்பன் ஃபைபர் பாகங்களால் எடையைக் குறைத்த யெட்டி ஸ்னோஎம்எக்ஸும் கனடாதான். 2017இல் அமெரிக்காவின் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுகளில் தனிப் போட்டியாகவே வைக்கும் அளவுக்கு இந்த வண்டிகள் வளர்ந்துவிட்டன.

அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே ஆக்சிலில் ஒரு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை. பின்னால் சக்கரம், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஷாக் மூன்றும் வெளியே வந்துவிடும். ஸ்விங் ஆர்ம் பிவட் போல்ட்டில் ட்ராக் சட்டம் உட்காரும், ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து ஸ்ட்ரட் என்ற தாங்குதண்டு இறங்கிச் சட்டத்தைப் பிடிக்கும். எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஒரு செயின் நடு ஷாஃப்டுக்கு, அங்கிருந்து இன்னொரு செயின் ட்ராக்கை ஓட்டும் ஷாஃப்டுக்கு. ட்ராக் நீளம் 120, 129, 137 அங்குலம் என்று வரும். அகலம் 11 அங்குலத்தை ஒட்டி இருக்கும், பனியைக் கவ்வும் ரப்பர் பற்கள் இரண்டரை அல்லது மூன்று அங்குல உயரம். இமாலயத்துக்கு 129தான் நடுநிலையானது. 120 சட்டென்று திரும்பும், ஆனால் ஆழமான பனியில் சீக்கிரம் குழி தோண்டும். 137 ஏற்றத்துக்கு நல்லது, ஆனால் அதை இழுக்க எஞ்சினில் தெம்பு வேண்டும்.

அந்தத் தெம்பு விஷயத்தில்தான் இங்கே கணக்கு இடிக்கிறது. காஷ்மீரின் குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கிருந்து ஏறும் கோண்டோலா கேபிள் காரின் மேல் நிலையம் 4,000 மீட்டரைத் தொடுகிறது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் அதே கணக்கில் இறங்கும். 50 குதிரைத்திறன் கொண்ட 450 சிசி பைக், குல்மார்க்கில் 38, மேலே 33 என்று ஆகிவிடும். அதிலும் ட்ராக்கைச் சுற்றவே ஒரு பங்கு போய்விடும். 19 குதிரைத்திறன் எக்ஸ்பல்ஸ் 200 அங்கே 13, 14க்கு இறங்கும். அதை வைத்து ட்ராக்கை ஆழப்பனியில் இழுப்பது நடக்காத காரியம். ஏற்றத்தில் கிளட்ச் கருகும், அவ்வளவுதான். 'எக்ஸ்பல்ஸுக்கு ட்ராக் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

கவாசாகி கேஎக்ஸ்450 மாதிரி மோட்டோகிராஸ் பைக் வைத்திருந்தால் தாராளமாக யோசிக்கலாம். இந்தியாவில் விற்கிறது, சுமார் 110 கிலோதான், செல்ஃப் ஸ்டார்ட் உண்டு. ஆனால் ரோட்டுக்குப் பதிவு செய்ய முடியாது. கிட்டின் அமெரிக்க விலையே 5,000 டாலருக்கு மேல். உங்கள் பைக் மாடலுக்கான பொருத்து பாகங்கள், அதாவது ஆக்சில் ஸ்பேசர், பிவட் புஷ், ஸ்ட்ரட் முனை எல்லாம் தனி விலை. அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கம். இவ்வளவும் கொடுத்து டெல்லிக்கு வரவழைத்தபின் ஒரு புஷ்ஷின் அளவு தவறினால் அந்த சீசனே போச்சு. பைக்கின் ஆண்டையும் மாடலையும் சேஸிஸ் நம்பரோடு எழுதி உறுதிசெய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதல் தடவை இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் வேலை. பழகியபின் அரை நாளில் முடியும். கஷ்டமான வேலை என்று எதுவும் இல்லை, ஆனால் விட்டுவிடக்கூடிய சின்ன விஷயங்கள் நிறைய.

முன் சக்கரம் போனால் டிஸ்க்கும் போகும், முன் பிரேக் அப்போதே இல்லை. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பேடுகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துக் கட்டிவிடுங்கள். பழக்கத்தில் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே தள்ளி ஆயில் கொட்டிவிடும். பின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அப்படியே இருக்கும். கிட்டோடு வரும் காலிப்பருக்கு ஹோஸை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற (ப்ளீட் பண்ண) வேண்டும். காற்று கொஞ்சம் தங்கினாலும் இறக்கத்தில் பெடல் அடிவரை போகும். உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக் அது.

ஸ்விங் ஆர்ம் பிவட் போல்ட்டைச் சுத்தம்செய்து கிரீஸ் பூசி, டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி அளவுக்கு இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், ட்ராக் டென்ஷனையும் சேர்த்து. புது ட்ராக் கொஞ்சம் நீளும். தொய்ந்தால் ஷாஃப்ட் பற்கள் ட்ராக்கைத் தாண்டி 'கடக் கடக்' என்று அடிக்கும், அதிகம் இறுக்கினால் பேரிங்கும் சக்தியும் வீண்.

எஞ்சின் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றிவிடுவது நல்லது. உள்ளே சேரும் பனி செயின் ஓட்டத்தில் அழுந்தி அழுந்திக் கல் மாதிரி ஆகும். அதற்குப் போக வழி இல்லாவிட்டால் செயின் அறுந்து எஞ்சின் கேஸையே உடைக்கும்.

ஃபோர்க்கைக் கொஞ்சம் கெட்டியாக்க வேண்டும். சக்கரம் மேட்டில் உருண்டு ஏறிவிடும். ஸ்கீ மோதித்தான் ஏறும். காற்று ஃபோர்க் என்றால் அழுத்தத்தைக் கூட்டினால் போதும், இல்லாவிட்டால் கம்ப்ரஷனைக் கூட்டி, தேவைப்பட்டால் ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள்.

குளிர் எஞ்சினை எப்படிக் கெடுக்கிறது

கடைகளில் யாரும் சொல்லித்தராத பகுதி இது. நாம் மே மாத டெல்லி வெயிலில் எஞ்சின் சூடேறுவதைப் பார்த்துப் பழகியவர்கள். பனியில் தொல்லை நேர்மாறானது: எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்கிறது. மோட்டோகிராஸ் பைக்குகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது, கூலன்ட் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே மைனஸ் 15, ஸ்கீ அள்ளி வீசும் பனி நேராக ரேடியேட்டரில். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஈசியூ கம்ப்யூட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டியபின் ஆயில் கண்ணாடியில் மட்டம் குறையாமல் கூடியிருந்தால், மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஆயிலில் ஓட்டினால் பிஸ்டன் ரிங் சீக்கிரம் போய்விடும்.

அதனால் தெர்மோஸ்டாட் கிட் கட்டாயம். 70 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறப்பது போதும். கூடவே ரேடியேட்டருக்கு முன்னால் துணி அல்லது ரப்பர் மறைப்பு, எஞ்சின் அடியில் தட்டு, ஹேண்டில்பாரில் ஒரு டெம்பரேச்சர் மீட்டர். முழுக்க மூடிவிடவும் கூடாது. ஈரமான கனத்த பனியில் மெதுவாக ஏறும்போது மறைப்பு வைத்த ரேடியேட்டர் கொதித்துவிடும். அதற்குத்தான் மீட்டர்.

கூலன்ட் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. டெல்லியில் கோடையில் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி டாப்-அப் பண்ணிய வண்டியில் இந்தக் கலவை எப்போதோ போயிருக்கும். கிளம்பும் முன் முழுதாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். உறைந்தால் ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து வெடிக்கும். எஞ்சின் ஆயிலும் குளிரில் ஓடக்கூடிய முழு சிந்தெடிக்காக, 5டபிள்யூ-40 மாதிரி, கம்பெனி அனுமதிக்கும் கிரேடில் இருக்கட்டும்.

அடுத்தது ப்ரீதர் ஹோஸ், அதாவது எஞ்சின் மூச்சுவிடும் குழாய். எஞ்சின் கேஸிலிருந்து வரும் சூடான ஈரக் காற்று ஹோஸ் முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் கூடி ஏதாவது ஒரு ஆயில் சீல் வெளியே தள்ளிவிடும், மலை நடுவில் ஆயில் முழுக்கப் பனியில். தீர்வுக்குச் செலவே இல்லை: எஞ்சின் சூடு படும் உயரத்தில் ஹோஸில் பிளேடால் ஒரு சின்னக் கீறல் போட்டுவிடுங்கள், கீழே அடைத்தாலும் அங்கே மூச்சு விடும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுக் குழாயையும் இதேபோல் பார்க்க வேண்டும். அது உறைந்தால் பத்து நிமிடத்தில் பெட்ரோல் வராமல் எஞ்சின் திணறும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அதுதான் அடையாளம்.

ஏர் ஃபில்டரும் அப்படித்தான். சைலன்சர் பைப்பில் விழும் பனி ஆவியாகி ஏர்பாக்ஸுக்குள் போய், ஃபோம் ஃபில்டரில் மறுபடி உறைகிறது. தண்ணீர் ஒட்டாத மெஷ் ஃபில்டரும், பைப்பில் சூடு தாங்கும் சுற்றுத் துணியும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஓட்டும்போது கிடைப்பது

இத்தனை சொன்னபின் இதையும் சொல்லியாக வேண்டும்: நல்ல புதுப்பனியில், சரியாக செட் பண்ணிய பைக்கில் கிடைக்கும் ஓட்டத்துக்கு ஈடாக இரண்டு சக்கர வண்டியில் எதுவும் இல்லை. பனியில் ஓட்டவே செய்த ஸ்னோமொபைல் வண்டி 200 கிலோவுக்கு மேல், ட்ராக் 15, 16 அங்குலம் அகலம். அதைச் சரிவில் குறுக்கே ஓட்ட உடம்பையே ஒரு பக்கம் தொங்கவிட வேண்டும். இந்த பைக் சக்கரம் இருந்தபோது சாய்ந்த மாதிரியே சாயும். செங்குத்துச் சரிவில் மலைப்பக்கம் லேசாகச் சாய்த்துக் குறுக்கே ஓட்டிப்போகலாம், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஸ்னோமொபைல் நுழையாத இடத்தில் நுழைந்து வரலாம். குழியும் கல்லும் பனிக்கு அடியில் போய்விடுவதால் கைக்கு அதிர்வே வராது. பல ஆண்டு பழகிய கிளட்ச், கியர், த்ராட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாகக் கற்க வேண்டியது ஸ்கீ ஒன்றுதான். கோடையில் பழையபடி சக்கரத்தை மாட்டி மண்ணில் ஓட்டலாம், பைக்கை மாற்றினாலும் பொருத்து பாகங்களை மட்டும் வாங்கி அதே கிட்டைப் புதுப் பைக்குக்கு ஏற்றலாம். ஒரே பைக்கை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

குறைகளும் பொருளிலேயே இருக்கின்றன. சக்கரமும் ஸ்விங் ஆர்மும் போன கணக்கைக் கழித்த பிறகும் எடை 45, 50 கிலோ கூடும். ரிவர்ஸ் இல்லை. ஏற்றத்தில் நின்றுவிட்டு த்ராட்டிலை முறுக்கினால் ட்ராக் நேராகக் கீழே குழி வெட்டும். இரண்டாவது தடவை முறுக்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். பைக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, ட்ராக் கிடந்த குழியை மிதித்து நிரப்பி, முனையை இறக்கத்துப் பக்கம் திருப்பி எடுப்பதுதான் வழி. பருவத்தின் ஆரம்பத்தில் அடிப்பனி ரவை மாதிரி ஒட்டாமல் உதிரும், அதில் நிறுத்தாமல் ஓட்டுவதே பாதுகாப்பு.

இறுகிய ரோட்டுப் பனியில் ஸ்கீ ஜீப் தடத்தைப் பிடித்துக்கொண்டு இஷ்டத்துக்கு இழுக்கும். ட்ராக்கின் உள்ளே தண்டவாளம்போல் இருக்கும் சறுக்குப் பட்டைகள் பிளாஸ்டிக். அவற்றைக் குளிரவைத்து வழவழப்பாக வைப்பது மேலே ஏறும் பனிதான். வெறும் தாரிலோ ஐஸிலோ சில நிமிடம் வேகமாக ஓட்டினால் பட்டை உருகி ஓரம் மீசைபோல் இழுபட்டு நிற்கும். பார்க்கிங்கிலிருந்து பனிவரை பைக்கைப் பிக்கப் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். பனியைக் கீறி மேலே தெளிக்கும் ஸ்க்ராட்சர் கம்பிகள் இறுகிய பனியில் உதவும், தாரில் எதுவும் உதவாது.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயனுக்கு ஆணி டயர்

நம்மில் பெரும்பாலோருக்குத் தேவை இதுதான், செலவும் கைக்கு அடக்கம். எக்ஸ்பல்ஸ் 200க்கு முன் 90/90-21, பின் 120/80-18. இரண்டு அளவிலும் ஆழமான பட்டன் டயர் கரோல் பாகில் கிடைக்கும். பட்டன் உயரம் 12 எம்எம்முக்குக் குறையாமல் பாருங்கள். ரோட்டுக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று விற்கும் டயரில் ஆணி நிற்காது.

ஆணி இரண்டு வகை. டங்ஸ்டன் கார்பைட் முனை வைத்த திருகு ஸ்டட் ஆன்லைனில் வரும், விலை அதிகம், நீண்ட நாள் உழைக்கும். அடுத்தது அறுகோணத் தலை வைத்த செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ, எட்டு அல்லது பத்தாம் நம்பர், அரை அங்குல நீளம். சாவ்ரி பஜார் ஹார்டுவேர் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். தலையின் ஓரம் கூர்மையாகவும் எஃகு கடினமானதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய துத்தநாகப் பூச்சு போட்ட சாதா ஸ்க்ரூ ஒரே நாளில் மொட்டையாகிவிடும். வாங்கும் முன் ஒன்றின் தலையில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் சுலபமாகக் கடித்தால் வேண்டாம்.

முன் டயருக்கு 120 முதல் 150, பின் டயருக்கு 150 முதல் 200 போதும். முன்னால் ஓரப் பட்டன்களில் அதிகம் போடுங்கள், வளைவில் பிடிப்பது அவைதான். பின்னால் நடு வரிசையில் அதிகம். பட்டனின் நடுவில் நேராக, குறைந்த வேகத்தில் டிரில் வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு இறக்குங்கள். எல்லாம் முடிந்தபின் டயரின் உள்பக்கம் கையுறை போட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு முனை தட்டுப்பட்டாலும் அதைக் கழற்றுங்கள். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி உள்ளே விரித்து அதன்மேல் புது ட்யூபைப் போட்டால் பஞ்சர் பயம் பாதி போகும்.

காற்று 15 பிஎஸ்ஐ சுற்றி வையுங்கள். அதற்கும் கீழே போக வேண்டுமானால், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம். டயர் ரிம்மில் நழுவ ஆரம்பித்தால் ட்யூப் வால்வு துளையில் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் வால்வை ஒரு பார்வை பாருங்கள், சாய்ந்துவிட்டால் அடுத்தது வால்வு பிய்வதுதான்.

ஆணி டயரோடு தாரில் ஓட்டக்கூடாது. பிடிப்பு குறைந்து வழுக்கும், ஆணியும் பிடுங்கிக்கொண்டு போகும். டெல்லியிலிருந்து நார்கண்டா 400 கிலோமீட்டருக்கு மேல், மணாலி 500க்கு மேல், பெரும்பகுதி நல்ல தார் ரோடு. ஆகவே இன்னொரு செட் ரிம்மில் ஆணி டயரை மாட்டி வைத்துக்கொண்டு பனி ஆரம்பிக்கும் இடத்தில் சக்கரத்தையே மாற்றுவதுதான் சரியான ஏற்பாடு. பழைய ரிம் காஷ்மீரி கேட் பக்கம் தேடினால் கிடைக்கும். ஸ்போக் இறுக்கமும் பேரிங்கும் பார்த்து வாங்குங்கள்.

செயினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே செயின் தடிப்போடு ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று டெல்லியிலேயே மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். பட்டன் டயரோடு பல வண்டிகளில் இடம் போதாது. அரை கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும், 20, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. பின்னால் மட்டும் செயின் போட்டு ஏறிவிடலாம், ஆனால் இறங்கும்போது முன் சக்கரம் போய்விடும். போட்டால் இரண்டிலும் போடுங்கள். பிரேக் ஹோஸைக் கேபிள் டையால் உள்ளே இழுத்துக் கட்டுங்கள், அறுந்த செயின் முதலில் அதைத்தான் அடிக்கும்.

சட்டமும் பனிச்சரிவும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பதிவெண் உள்ள பைக்கில் ட்ராக் மாட்டிப் பொது ரோட்டில் இறக்கினால் இதற்குள் வந்துவிடுவீர்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கும். குல்மார்க்கைச் சுற்றி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது, உள்ளூர் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எந்த எஞ்சினையும் புல்வெளியில் ஏற்றாதீர்கள். மணாலி பக்கம் பனி விழுந்த நாட்களில் அடல் சுரங்கம் நோக்கிப் போகும் ரோட்டில் நான்கு சக்கர இழுவை வண்டிகளை மட்டும் விடுவது வழக்கம். போலீஸ் பைக்கைத் திருப்பினால் வாதாடுவதில் பயனில்லை.

ட்ராக் பைக் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமே பனிச்சரிவு வரும் இடம். டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, காலையில் முதலில் அதைப் பாருங்கள். பனியில் புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்கும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்சீவர், பனியில் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், பைக் பையில் அல்ல. சரிவில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் ஓரமாக நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கிட்டுக்கு இத்தனை லட்சம் செலவழித்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவரோடு போகாதீர்கள்.

சீசன் முடிந்து வைக்கும்போது

மார்ச்சில் கிட்டைக் கழற்றியதும் ட்ராக் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். இறுகிய நிலையில் டெல்லி கோடையைத் தாண்டினால் ரப்பர் உருளைகளின் வடிவத்துக்கே வளைந்து நின்றுவிடும். உப்பும் சேறும் போகக் கழுவி, காயவிட்டு, எல்லா பேரிங்கிலும் புது கிரீஸ், இரண்டு செயினிலும் ஆயில். மயூர் விஹார், ஆர்.கே.புரம் மாதிரி அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி கண்டிப்பாக வேண்டாம், வெயிலில் ரப்பர் வெடித்துவிடும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிழலான மூலையில், ட்ராக் தரையில் படாமல் இரண்டு கட்டைமேல் தூக்கி வையுங்கள், எலி செயின் கேஸுக்குள் போகாதபடி ஓட்டைகளைத் துணியால் அடைத்து. கழற்றிய ஸ்விங் ஆர்மின் லிங்கேஜ் பேரிங்குகளையும் இதே கையோடு பார்த்துவிட்டு ஸ்விங் ஆர்மைப் பைக்கில் மாட்டுங்கள். பழைய கிட் வாங்குகிறவர்களும் அதே இடங்களைத்தான் பார்க்க வேண்டும்: சறுக்குப் பட்டையின் மிச்சத் தடிமன், ட்ராக்கின் உள்பக்கம் ஷாஃப்ட் பற்கள் கடிக்கும் கட்டிகளில் விரிசல், உருளைகளைக் கையால் சுழற்றினால் வரும் கரகர சத்தம்.